புல் விலையும் மாட்டு விலையும்: ஒரு மலைப் பண்ணைக் குடும்பம், 1919–1923

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் சில வருடம் வேலை பார்த்தேன். அப்போது வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா. அவருடைய தாத்தாவும் பாட்டியும் எழுதி வைத்த கணக்குப் புத்தகங்கள் நான்கு, சமையலறை அலமாரியில் இருந்தன. ஒரு பனிக்காலம் முழுக்க அவரோடு உட்கார்ந்து அவற்றைப் படித்தேன். கீழே வரும் பண்ணைக் கணக்கு எல்லாம் அந்தப் புத்தகங்களிலிருந்து எடுத்தது. யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் அந்த அம்மா தன் தாயிடம் கேட்டு எனக்குச் சொன்னது. பெயர்களையும் பள்ளத்தாக்கின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

ராக்கி மலைகளுக்கு நடுவே, 6,000 அடிக்கு மேலே இருக்கும் பள்ளத்தாக்கு. ஜூன் மாதம்கூட உறைபனி விழும் என்பதால் கோதுமையை நம்பிப் போட முடியாது. அங்கே பயிர் என்றால் புல்தான். மலைமேல் கிடக்கும் பனி மே மாதம் உருகி ஓடையில் இறங்கும். வாய்க்கால் வெட்டி அதைப் புல்வெளியில் பாயவிட்டு, ஜூலை நடுவில் மடையை அடைத்து, தரை காய்ந்ததும் அறுப்பார்கள். அறுத்த புல்லைப் போராகப் போட்டு, குளிர்காலம் முழுக்க மாடுகளுக்குப் போடுவார்கள்.

மார்ச், ஏப்ரலில் மாடுகள் ஈனும். ஜூனில் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போட்டு மலைமேல் ஓட்டிவிடுவார்கள். மலைக்காடு தேசிய வனம். 1906 முதல் அங்கே மேய்க்க வனத்துறையிடம் அனுமதி வாங்கி, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். செப்டம்பர் கடைசியில் மாடுகளை இறக்கி, விற்பதைப் பிரித்து ரயிலடிக்கு ஓட்டுவார்கள். ரயிலடி 18 மைல். அங்கிருந்து நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரத்தின் மாட்டுச் சந்தைக்குப் போகும்.

குடும்பத்தில் 7 பேர். பெரியவர், அப்போது 57 வயது. அவருடைய மகன், மருமகள், நான்கு பிள்ளைகள். மூத்த பையனுக்கு 14 வயது, அடுத்த பெண்ணுக்கு 11. எனக்கு வீடு கொடுத்த அம்மா இந்தப் பெண்ணின் மகள். பண்ணையில் தாய் மாடுகள் 150, கிடாரிகள் 40, குதிரைகள் 12. வீட்டைச் சுற்றி 160 ஏக்கர், அதற்கப்பால் பின்னாளில் பதிவு செய்த 320 ஏக்கர். எல்லாம் சேர்த்துப் புல் அறுக்கும் நிலம் ஏறக்குறைய 300 ஏக்கர்.

பெரியவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடப்பது புரியாது. 1886-87 குளிர்காலத்தில் அவர் மொன்டானாவின் நடுவே இருக்கும் ஜூடித் பேசின் சமவெளிப் பக்கம் ஒரு பெரிய மந்தையில் கூலிக்கு வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் மாட்டுக்குப் புல் சேர்த்து வைக்கும் வழக்கமே அந்தச் சமவெளிகளில் இல்லை. பனியைக் கிளறி மாடு தானே மேய்ந்துகொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். 1886 கோடையில் மழை இல்லை, புல் தீய்ந்தது. ஜனவரியில் பனிப்புயல் அடுத்தடுத்து வந்தது. பனியின் மேல்பரப்பு உருகி மறுபடி உறைந்து கண்ணாடித் தகடு மாதிரி ஆகி, நடந்த மாடுகளின் கால் தோலைக் கிழித்தது. மொன்டானாவில் இருந்த மாடுகளில் பாதிக்கு மேல் செத்தன என்று கணக்கிடுகிறார்கள். அந்த வட்டாரத்தின் பெரிய பண்ணைக்காரர்களில் ஒருவரான கிரான்வில் ஸ்டூவர்ட், தீனியும் ஒதுங்க இடமும் கொடுக்க முடியாத ஒரு பிராணியை இனி வைத்துக்கொள்ளவே மாட்டேன் என்று பின்னாளில் எழுதினார்.

24 வயதில் அதைப் பார்த்த பெரியவர், கூலிப் பணத்தைச் சேர்த்துக்கொண்டு, புல் விளையும் மலைப் பள்ளத்தாக்காகப் பார்த்து வந்து குடியேறினார். அவர் வீட்டில் சட்டம் ஒன்றுதான்: புல் இல்லாமல் ஒரு மாடும் சாகக் கூடாது. 32 வருடம் அந்தச் சட்டம் அவரைக் காப்பாற்றியது.

புல்லும் போரும்

போர் போடுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் ஊர் வைக்கோல் போரைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம்.

பக்கத்துப் பிக் ஹோல் பள்ளத்தாக்குக்காரர்கள் இரண்டு பேர் 1910-ல் ஒரு போர் போடும் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஊரில் அதன் பெயர் பீவர்ஸ்லைடு. பைன் மரக் கம்புகளால் ஆன, வீட்டுக் கூரையைவிட உயரமான ஒரு சறுக்குப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு பெரிய தட்டில் குதிரைகள் புல்லைத் தள்ளிக்கொண்டு வந்து நிரப்பும். தட்டிலிருந்து கம்பிவடம் சறுக்கின் உச்சி வழியாக மறுபக்கம் போகும். அங்கே இன்னொரு ஜோடிக் குதிரை வடத்தை இழுத்தால் தட்டு மேலே ஏறி, உச்சியைத் தாண்டியதும் புல் அப்படியே போர்மேல் கவிழும். போரின்மேல் நிற்பவர்கள் அதைக் கவையால் பரப்பி, ஓரங்களை மிதித்து, நடுவைத் தூக்கிக் கட்டுவார்கள். நடு தாழ்ந்தால் மழை உள்ளே இறங்கும். இதில் நம் ஊர் போருக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

வடம் இழுக்கும் குதிரைகளை ஓட்டுவது பிள்ளைகள் வேலை. அந்த 11 வயதுப் பெண்தான் ஓட்டினாள். முன்னே 40 அடி, அப்புறம் பின்னே 40 அடி. ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல்.

போர் அமுங்கியதும் அளப்பார்கள். இந்த வேலை மருமகளுடையது. முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று. அதைப் போருக்கு மேலே வீசி, இந்தப் பக்கத் தரையிலிருந்து அந்தப் பக்கத் தரை வரை எத்தனை முடிச்சு என்று எண்ணுவார். அப்புறம் அகலம், நீளம். எட்டடி நீளம், எட்டடி அகலம், எட்டடி உயரம் உள்ள அமுங்கிய புல் ஒரு டன் என்பது அந்தக் காலத்துப் பொதுக்கணக்கு. கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு வருடமும் இந்த அளவு இருக்கிறது, ஆனால் கடைசிப் பக்கங்களில், முட்டைக் கணக்குக்கும் பாலேடு கணக்குக்கும் நடுவில். முன்பக்கங்களில் மாட்டுக் கணக்கு, அது மகனின் கையெழுத்து. இரண்டையும் ஒரே பக்கத்தில் யாரும் எழுதவில்லை.

1919 கோடையில் கண்டது

மாநிலத்தின் கிழக்கிலும் வடக்கிலும் 1917-லேயே வறட்சி தொடங்கிவிட்டது. மலைப் பள்ளத்தாக்குகள் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தன, ஏனென்றால் அங்கே தண்ணீர் வானத்திலிருந்து வருவதில்லை, மலைப்பனியிலிருந்து வருகிறது. 1919-ல் அதுவும் பொய்த்தது. ஜூன் கடைசியிலேயே ஓடை வற்றிவிட்டது. கோடை முழுக்கக் காட்டுத்தீயின் புகை.

சாதாரண வருடத்தில் 300 டன்னுக்குக் குறையாமல் புல் கிடைக்கும். அந்த ஆகஸ்டில் கயிறு காட்டியது 160 டன்.

தேவை எவ்வளவு? ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஏறத்தாழ 11 கிலோ புல். வழக்கமாக டிசம்பர் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை, சுமார் 140 நாள் தீனி போட வேண்டும். அப்படியானால் மாட்டுக்கு ஒன்றரை டன். 150 மாடு, 40 கிடாரி, குதிரைகள் எல்லாம் சேர்த்து 290 டன். ஆக, குறைவது 130 டன்.

செப்டம்பர் முடிவு

சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் மூன்று எண்ணம்.

மருமகள் சொன்னது: பாதியை விற்றுவிடலாம். பல் போன மாடு, சினை நிற்காத மாடு, அப்புறம் பாதிக் கிடாரிகள். நம் புல்லுக்கு எத்தனை மாடோ அத்தனை போதும்.

மகனுக்கு அதில் இரண்டு தயக்கம். ஒன்று, மாநிலமே மாடு விற்கிறது. அந்த வருட மாடுகள் இளைத்தவை. ஒமாஹாவில் செலவு போக 48 டாலர்தான் தேறும், முந்தின வருடம் இதே மாடு 75 டாலர். இரண்டாவது, தாய் மாட்டை விற்றால் மறுபடி மந்தை சேர்க்க வருடக்கணக்காகும். இன்று பிறக்கும் கிடாரிக் கன்று ஈன்று தாயாக மூன்று வருடம். அது ஈன்ற கன்று வளர்ந்து சந்தைக்குப் போக இன்னும் இரண்டு வருடம். இது வெறும் பிடிவாதம் என்று சொல்ல முடியாது. மந்தை வைத்திருக்கும் எவரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

பெரியவர் அதிகம் பேசவில்லையாம். புல் எங்கே கிடைத்தாலும் வாங்கு, என்ன விலையானாலும் வாங்கு என்றாராம். 1887-ல் தான் தோலுரித்த மாடுகளின் எண்ணிக்கையைச் சொன்னாராம். அதற்குமேல் மேசையில் யாரும் பேசவில்லை.

வங்கிக்காரரும் வாங்கச் சொன்னார். 1917-ல், முதல் உலகப் போரால் விலை ஏறிக்கொண்டிருந்தபோது, ஹெரிஃபோர்ட் என்கிற இறைச்சி மாட்டு இனத்தில் நல்ல கிடாரிகள் வாங்க 4,000 டாலர் கொடுத்திருந்தார். ஈடு, மாடுகள். மாடு குறைந்தால் அவருடைய ஈடும் குறையும். எனவே புல் வாங்கவும் கடன் தரத் தயாராக இருந்தார்: 10 சதவீத வட்டி, ஆறு மாதப் பத்திரம், ஒவ்வொரு ஆறு மாதமும் புதுப்பித்துக்கொள்ளலாம். மாட்டின்மேல் வாங்கும் கடன் என்பதால் மனைவியின் கையெழுத்து தேவைப்படவில்லை.

120 டன் வாங்கினார்கள். டன்னுக்கு 28 டாலர், ரயிலடி விலை. மாட்டுக்கு ஒன்றரை டன் என்ற வழக்கமான குளிர்காலத்தை வைத்துப் பார்த்தால் முடிவில் பெரிய பிழை இல்லை. பிழை அந்த வழக்கம் என்ற சொல்லில் இருந்தது. ஒரு கெட்ட வருடத்தின் புல்லைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல வருடத்தின் குளிரை எதிர்பார்த்தார்கள்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை

அக்டோபர் மூன்றாம் வாரம் பனி விழுந்தது. விழுந்தது உருகவில்லை. டிசம்பர் நடுவில் தொடங்க வேண்டிய தீனி, அக்டோபர் 27 அன்று தொடங்கியது என்று மருமகள் குறித்திருக்கிறார். ஏழு வாரம் முன்பாக.

மகன் ரயிலடியிலிருந்து புல் இழுத்தார். நான்கு குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டி, ஒரு நடைக்கு இரண்டரை டன், போக ஒரு நாள், வர ஒரு நாள். பனி ஆழமானதும் வண்டிக்குப் பாதை உடைக்கவே இரண்டு குதிரை தனியாக வேண்டியிருந்தது. உழைக்கும் குதிரை அதிகம் தின்னும். இழுத்து வந்த புல்லில் ஒரு பங்கை இழுத்த குதிரைகளே தின்றன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதேதான்.

அவர் வண்டியோடு போய்விட்டால் மாட்டுக்குத் தீனி போடுவது யார்? மருமகளும் மூத்த பையனும். ஒரு நாளைக்கு இரண்டு டன். அதைப் போரிலிருந்து கவையால் வண்டியில் ஏற்ற வேண்டும், வெளியே ஓட்டிப்போய், ஓடும் வண்டியிலிருந்து மறுபடி கவையால் தள்ள வேண்டும். ஆக ஒவ்வொரு நாளும் நான்கு டன் தூக்கியதற்குச் சமம். பிறகு ஓடைக்குப் போய்க் கோடாலியால் பனிக்கட்டியை வெட்டித் தண்ணீருக்கு வழி விட வேண்டும். இரவில் அது மூடிக்கொள்ளும், காலையில் மறுபடி வெட்ட வேண்டும். பெண் காலையில் வண்டியின் கடிவாளத்தைப் பிடித்துவிட்டு, அப்புறம் பள்ளிக்கூடம் போனாள். பையன் நவம்பரோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டான். எட்டாம் வகுப்பு முடிக்க அவனுக்கு ஐந்து மாதம் பாக்கி இருந்தது. தற்காலிகமாக என்றுதான் சொன்னார்கள். அவன் திரும்பப் போகவே இல்லை.

வந்த புல்லின் தரமும் சரியில்லை. கிழக்கே தொலைவிலிருந்து ரயிலில் வந்தது. சில கட்டுகளைப் பிரித்தால் உள்ளே வெள்ளைப் பூஞ்சணம், புழுதி பறந்தது. சிலவற்றில் சதுப்புநிலக் கோரைதான் பாதி. நல்ல மலைப்புல்லுக்குப் பழகிய மாடுகள் முகர்ந்துவிட்டு ஓடைக்கரை வில்லோ மரக் குச்சிகளைக் கடிக்கப் போயின. அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரை அந்தப் பூஞ்சண வாசனை பிடிக்காது என்று மகள் சொன்னார். மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்து அந்த வாசனை வந்தால் அறையை விட்டுப் போய்விடுவாராம்.

ஜனவரி முடிவு

ஜனவரி 20 அன்று மருமகள் மறுபடி கயிறு வீசினார். மீதம் 105 டன். நாளைக்கு இரண்டு டன் என்றால் மார்ச் நடுவில் தீரும். மே வரை பச்சை எதுவும் முளைக்காது.

இப்போது விற்கவும் முடியாது. இளைத்த, வயிற்றில் கன்றோடு இருக்கும் மாடு 18 மைல் பனியில் நடக்காது. செப்டம்பரில் மூன்று வழி இருந்தது. ஜனவரியில் ஒன்றுதான் மிச்சம்.

மேலும் 90 டன் வாங்கினார்கள். டன்னுக்கு 46 டாலர். முதல் கடன் 3,360 டாலர், இது 4,140 டாலர். சேர்த்து 7,500. மாட்டுக்கு 50 டாலர் என்று வருகிறது. செப்டம்பரில் அந்த மாட்டை விற்றிருந்தால் கிடைத்திருக்கும் 48 டாலரைவிட அதிகம். அதாவது ஒவ்வொரு மாட்டையும் கடன் வாங்கி இரண்டாம் முறை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். இந்த வகுத்தலை அந்தக் கணக்குப் புத்தகத்தில் யாரும் போடவில்லை. நான் போட்டேன், நூறு வருடம் கழித்து, சூடான அறையில் உட்கார்ந்துகொண்டு. அது சுலபம்.

பெரியவரைக் குறை சொல்வதும் சுலபம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. 87-ல் அவர் கண்டது, புல் இல்லாததால் வந்த நாசம். அதற்கு மருந்து புல். அந்த மருந்துக்கு ஒரு விலை இருக்கும், அந்த விலையே ஒரு நாள் மந்தையைத் தின்னும் என்பது அவர் பார்த்த காட்சியில் இல்லை. 87-ல் செத்த மாடுகள் அவர் முதலாளியுடையவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடன்காரனின் குளிர்காலத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

வசந்தம்

சாதாரணமாக சினூக் என்கிற வெதுவெதுப்பான மேல்காற்று இடையிடையே வந்து பனியைக் கொஞ்சம் கரைக்கும். அந்த வருடம் மலைச்சரிவில் அது எட்டிப் பார்க்கவில்லை. மே 14 வரை தீனி போட்டார்கள். 200 நாள். அந்த நீளத்துக்கு 420 டன் வேண்டியிருந்திருக்கும். இருந்தது எல்லாம் சேர்த்து 370. பிப்ரவரி முதலே அளவைக் குறைத்துத்தான் போட்டார்கள்.

பட்டினியில் வாடிய மாடு ஈனும்போது விழும். எழுந்திருக்காது. பையனும் அவன் அப்பாவும் வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, ஒரு பக்கமாகத் தாங்கி நடத்திப் பார்ப்பார்கள். சமையலறை அடுப்புப் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஐந்து கன்றுகள் கிடந்ததாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். 31 தாய் மாடுகள் செத்தன. உயிரோடு நின்ற கன்றுகள் 78. சாதாரண வருடத்தில் 130-க்குக் குறையாது.

87-ஐ ஒப்பிட்டால் இழப்பு சிறியதுதான். பெரியவர் மே மாதம் மாடுகளை எண்ணிவிட்டு, தான் சொன்னது சரி என்றே நினைத்தார்.

கடன்

1920 ஏப்ரலில் மொத்தக் கடன் 11,500 டாலர். பத்திரத்தைப் புதுப்பிக்கப் போனபோது வங்கிக்காரர் நிலத்தையும் ஈடாகக் கேட்டார். வீட்டு நிலத்துக்கு இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். பத்திரம் சமையலறை மேசைக்கு வந்தது.

மருமகள் கையெழுத்துப் போடவில்லை. சண்டை எதுவும் போடவில்லையாம். பேனாவைத் திருப்பி மூடி வைத்துவிட்டு, பால் கறக்கப் போய்விட்டாராம். ஒரு வாரம் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. இதில் அவர் என்ன யோசித்தார் என்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. அன்றைய தேதியில் 9 டஜன் முட்டை விற்றது மட்டும் இருக்கிறது. கடைசியில் 320 ஏக்கரை மட்டும் ஈடாகக் கொடுத்து, மகன் பத்திரத்தைப் புதுப்பித்தார்.

அந்தக் கோடையில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், வட்டியை 7 சதவீதம் வரை உயர்த்தியது. போர்க்காலத்தில் ஐரோப்பாவுக்குப் போன உணவு ஏற்றுமதியும் சுருங்கியது. விளைபொருள் விலை எல்லாம் சரிந்தது. 1921-ல் மாட்டு விலை, உச்சத்தில் இருந்ததில் ஏறக்குறைய பாதி. 1920 இலையுதிர் காலத்தில் விற்றதில் 2,600 டாலர் கட்டினார்கள். அடுத்த வருடங்களில் வட்டிக்கே சரியாகப் போனது.

பெரியவர் 1921 நவம்பரில் இறந்தார்.

1923-ல் வங்கி மூடியது. 1920-க்கும் 1926-க்கும் இடையே மொன்டானாவின் வங்கிகளில் பாதி அப்படித்தான் மூடின. அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொடுத்த மனிதர் போய், கடனை வசூலிக்க நியமிக்கப்பட்ட அதிகாரி வந்தார். அவருக்குப் புதுப்பிக்கும் அதிகாரம் இல்லை. அக்டோபரில் 134 மாடுகள் தலைக்கு 28 டாலருக்குப் போயின. கிடாரிகளும் போயின. 320 ஏக்கரும் போனது. அந்த நேரத்தில் அதை விலைக்குக் கேட்க ஆள் இல்லை என்பதால் அதற்குக் கிடைத்தது அற்பம். மிச்சக் கடனை 1927-ல் 600 டாலருக்குப் பேசித் தீர்த்தார்கள்.

நின்றது 160 ஏக்கர் வீட்டு நிலமும், அதில் இருந்த புல்வெளியும், மருமகளின் கறவை மாடுகளும். கறவை மாடுகள் வங்கியின் பத்திரத்தில் இல்லை. சூட்டுக்குறி போட்ட மாடுகளை மட்டும்தான் அதில் எழுதியிருந்தார்கள்.

மூத்த பையன் 17 வயதில் பியூட் நகரத்துத் தாமிரச் சுரங்கத்துக்குப் போனான். முதல் இரண்டு வருடம் மாதம் 20 டாலர் அனுப்பினான்.

எதை மாற்றியிருக்கலாம்

செப்டம்பரில் மருமகள் சொன்னபடி பாதியை விற்றிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும் என்று சொல்ல எனக்கும் ஆசை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 மாடும் 20 கிடாரியும் விற்றால் கையில் சுமார் 4,000 டாலர். மீதமிருக்கும் 80 மாடு, 20 கிடாரி, குதிரைகளுக்கு 200 நாள் குளிரில் 237 டன் வேண்டும். கையில் 160. அவருடைய திட்டத்திலும் 77 டன் பற்றாக்குறைதான். ஜனவரி விலையில் அதை வாங்க 3,500 டாலர் ஆகும். விற்ற பணம் அதோடு சரி. ஆனால் புதுக் கடன் இல்லை, எல்லா மாடும் வயிறாரத் தின்றிருக்கும், பழைய 4,000 மட்டும் பாக்கி. 1921-ஐ அப்படிச் சந்திப்பது வேறு, 11,500-ஓடு சந்திப்பது வேறு.

விற்றவர்களும் தப்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். மேல்ஓடைப் பக்கத்துப் பண்ணைக்காரர் அதே செப்டம்பரில் ஏறக்குறைய எல்லா மாட்டையும் விற்று, பணத்தை அதே வங்கியில் போட்டு வைத்தார். வங்கி மூடியபோது அவருக்குக் கிடைத்தது டாலருக்குச் சில சென்ட். பண்ணையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மேற்கே போய்விட்டார். 1920-களில் மக்கள்தொகை குறைந்த ஒரே அமெரிக்க மாநிலம் மொன்டானா.

நான் மாற்ற நினைப்பது மூன்று இடங்களில். முதலாவது, தேதி. புல் குறைவு என்று ஜூன் கடைசியில் ஓடை வற்றியபோதே தெரியும். பேசியது செப்டம்பரில். ஜூலையில் மாடு இன்னும் சதையோடு இருந்தது, மாநிலம் முழுவதும் விற்க வரிசையில் நிற்கவில்லை. மலடும் கிழடும் அப்போதே போயிருக்கலாம். அதற்கு யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதுகூட இல்லை, எப்படியும் விற்கும் மாடுகள்தான்.

இரண்டாவது, குளிரின் நீளம். பற்றாக்குறை வருடத்தில் மாட்டுக்கு ஒன்றரை டன் என்று கணக்குப் போட்டது எனக்குப் புரிந்துகொள்ள முடியாத ஒன்று. பெரியவர் நீண்ட குளிரைப் பார்த்தவர். அவர் நினைவில் சாவு இருந்தது, நாட்கணக்கு இல்லை.

மூன்றாவது, கணக்குப் புத்தகமே. மாடு முன்பக்கத்தில், புல் பின்பக்கத்தில், கடன் மகனின் சட்டைப்பையில் இருந்த துண்டுச் சீட்டில். மூன்றையும் ஒரு தாளில் எழுதியிருந்தால் ஜனவரியில் அந்த 50 டாலர் கண்ணில் பட்டிருக்கும். அப்போதும் வாங்கித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன், பட்டினியில் கத்தும் மாட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு யாரும் வகுத்தல் போட மாட்டார்கள். ஆனால் எல்லா மாட்டுக்கும் வாங்கியிருப்பார்களா என்பது வேறு கேள்வி.

பிறகு

1924-ல் 14 கறவை மாடுகளோடு தொடங்கினார்கள். பாலேட்டைக் கலத்தில் அடைத்து ரயிலில் வெண்ணெய் ஆலைக்கு அனுப்பினார்கள். மிஞ்சிய புல்லை விற்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறைச்சி மாடுகளும் சேர்ந்தன. நான்காவது கணக்குப் புத்தகம் முழுக்க மருமகளின் கையெழுத்து. மகன் கையெழுத்து அதில் இல்லை. எழுதுவதை அவரே நிறுத்திவிட்டாரா, இவர் எடுத்துக்கொண்டாரா என்று அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆகஸ்டும் புதுப் பக்கத்தில் தொடங்குகிறது, போர் அளவோடு. 1931 ஆகஸ்ட் பக்கம் இப்படி:

போர் 5. கயிறு அளந்தது, 92 டன். குதிரை 4, அதற்கு 12. மாட்டுக்கு 2 டன் வீதம் 40 மாடு. இருப்பது 47. ஏழு விற்க வேண்டும், இந்த வாரம்.